நிலம் அசையும்போது நம் வீடு என்ன செய்யும்?

(தருமபுரியில் கட்டடத் தொழிலாளர்கள், பொறியியல் மாணவர்கள், பொதுமக்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலநடுக்கம் பற்றிய பேச்சு என்று கேள்விப்பட்டதும், "நம்ம ஊரில் எங்கே பூகம்பம் வரப்போகிறது?" என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 என்ற விதித்தொகுப்பு நம் நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதன் 2002, 2016 பதிப்புகளில் இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்கள் உண்டு. அதில் உள்ள ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். பெங்களூரு இரண்டாம் மண்டலம். தருமபுரி மூன்றாம் மண்டலம். சேலம், கோவை, வேலூர், சென்னை எல்லாம் நம்மோடு மூன்றில்தான் இருக்கின்றன. இன்னொரு ஊரும் இதே மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது: குஜராத்தின் அகமதாபாத். அந்த ஊரின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அதிகாலையில் கோவைப் பகுதியில் ரிக்டர் அளவில் சுமார் 6 என்று மதிப்பிடப்படும் நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்ட அதிர்ச்சி அது. கோவை நமக்கு இருநூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா ஆடியது. அங்கிருந்த பெரிய அணைக்கட்டிலேயே விரிசல் விழுந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, ஊரே உறங்கிக்கொண்டிருந்தபோது, லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி தரைமட்டமானது. அளவு 6.2. சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அன்றைய வரைபடத்தில் கில்லாரி எந்த மண்டலத்தில் இருந்தது தெரியுமா? ஆபத்து மிகக் குறைவு என்று கருதப்பட்ட முதலாம் மண்டலத்தில். தக்காண பீடபூமி கெட்டியான பாறை, இங்கே ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கை கொய்னாவில் ஆட்டம் கண்டது, கில்லாரியில் புதைந்தது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இமயமலை அடிவாரத்து ஆபத்து நமக்கு இல்லை. ஆனால் நிலம் எப்போது அசையும் என்பதை இன்றுவரை எந்த விஞ்ஞானியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அசைந்தால் ஒரு கட்டடம் என்ன செய்யும் என்பதை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கை உங்களுக்குப் புரியும்படி சொல்வதும், அதன் முடிவு மேஸ்திரியின் கையிலும் வீட்டுக்காரரின் கையிலும்தான் இருக்கிறது என்று காட்டுவதுமே இன்றைய என் வேலை.

எடைதான் விசை

பேருந்து நிலையத்தில் வண்டி சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. கால் வண்டியோடு போய்விட்டது, உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கு நடப்பதும் இதேதான். அஸ்திவாரம் நிலத்தோடு நகர்கிறது. மேலே இருக்கும் கூரையும் தளமும் நகர மறுக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்பவை பில்லர்களும் சுவர்களும்.

ஆகவே காற்றின் விசை வேறு, நிலநடுக்கத்தின் விசை வேறு. காற்று வெளியிலிருந்து சுவரின் பரப்பைத் தள்ளுகிறது. நிலநடுக்கத்தின் விசையோ கட்டடத்தின் சொந்த எடையிலிருந்து பிறக்கிறது. எடை கூடக் கூட விசையும் கூடும். கனமான வீடுதான் பலமான வீடு என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே எதிராகத் திரும்புகிறது. கில்லாரியில் கல்லை மண் சாந்தில் அடுக்கி மிகத் தடிமனாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மரச் சட்டத்தின்மேல் மண்ணைக் கனமாகப் பரப்பிக் கூரை போட்டிருந்தார்கள். அந்த எடைதான் உறங்கியவர்கள்மேல் விழுந்தது.

ஒரு தண்ணீர் டேங்கின் பாடம்

எடைக்கு அடுத்தது அலைவு நேரம். இதைப் புரிந்துகொள்ளப் பாடப்புத்தகம் வேண்டாம், ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைப் பார்த்தால் போதும்.

நம் மாவட்டத்தில் அந்தத் தொட்டிகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லிலும் எலும்பிலும் அதன் பாதிப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மண் இது. ஜப்பான் நிதியுதவியுடன் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. அந்த நீர் நம் தெருக் குழாய்க்கு வருமுன் ஏறி நிற்கும் இடம் மேல்நிலைத் தொட்டி.

தொட்டியின் வடிவத்தைக் கவனியுங்கள். எடை முழுவதும் உச்சியில் இருக்கிறது. கீழே சில பில்லர்கள், அவற்றை இடையிடையே கட்டிப்பிடிக்கும் கிடைப் பீம்கள். ஒருமுறை பக்கவாட்டில் இழுத்து விட்டால் இது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும். ஒருமுறை போய்வர ஆகும் நேரம்தான் அலைவு நேரம். எடை கூடினால் அந்த நேரம் நீளும், தூண்களின் விறைப்பு கூடினால் குறையும். தண்ணீர் நிரம்பிய தொட்டிக்கு ஒரு நேரம், காலித் தொட்டிக்கு வேறு நேரம். நிலத்தின் அதிர்வும் அதே நேர இடைவெளியில் வந்தால் ஒவ்வொரு அசைவும் முந்தையதோடு சேர்ந்து ஆட்டம் பெருகும். இதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம்.

தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரும் சும்மா இருக்காது. அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963-இல் இதற்கு ஓர் எளிய வழி காட்டினார். அடியில் உள்ள நீர் தொட்டிச் சுவரோடு ஒட்டி அதன் வேகத்திலேயே ஆடுகிறது. மேல்மட்ட நீர் தனியாகத் தளும்புகிறது. 6 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீர் உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் 85,000 லிட்டர் பிடிக்கும். அதன் மேல்நீர் ஒருமுறை தளும்பிவர ஏறத்தாழ 2.6 வினாடி ஆகும். ஆகவே ஒரே தொட்டியை இரண்டு எடைகளாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே விசை கண்டு, பிறகு சேர்க்க வேண்டும். ஐ.எஸ். 1893-இன் இரண்டாம் பகுதி இந்த முறையையே பின்பற்றுகிறது.

1997 மே 22 அன்று ஜபல்பூரில் வந்த நிலநடுக்கத்தில், ஒற்றைக் குழல் போன்ற கான்கிரீட் தண்டின்மேல் நின்ற தொட்டிகளில் தண்டின் அடிப்பகுதியைச் சுற்றி வளையமாக விரிசல் விழுந்தது. 2001-இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் குறைந்தது மூன்று தொட்டிகள் அடியோடு சாய்ந்தன. மெல்லிய குழல் ஒன்றையே நம்பி நிற்கும் தொட்டிக்கு அது விரிசல் விட்டால் மாற்றுத் துணை கிடையாது. பல பில்லர்களும் கிடைப் பீம்களும் உள்ள அமைப்பில் முதலில் பீம் அடி வாங்கும், எடை தூண்களில் நிற்கும்.

குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு விதித்தொகுப்பு முக்கியத்துவக் காரணி 1.5 என்கிறது. சாதாரண வீட்டுக்குப் போடும் விசையைப் போல ஒன்றரை மடங்கு போட வேண்டும் என்று பொருள். நம் மாவட்டத்துக்கு அதன் காரணம் இன்னும் ஆழமானது. தொட்டி விழுந்தால் பிழைத்தவர்கள் மறுநாளே புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பாறைமேல் வீடு, பயமில்லையா?

இப்போது கற்பனையில் ஒரு வரிசையாகத் தொட்டிகளை நிறுத்துங்கள். முதல் தொட்டியின் அலைவு நேரம் 0.1 வினாடி, அடுத்தது 0.2, அடுத்தது 0.3 என்று 4 வினாடி வரை போகட்டும். ஒரே நிலநடுக்கப் பதிவை எல்லாவற்றின் அடியிலும் கொடுத்து, ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு முடுக்கம் பெற்றது என்று குறித்துக்கொண்டு புள்ளிகளை ஒரு கோடாக இணையுங்கள். பொறியாளர்கள் மறுமொழி நிறமாலை என்று அழைப்பது இந்தக் கோட்டைத்தான். மாரிஸ் பியோ 1932-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். 1940 மே 18 அன்று கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் பதிவான அதிர்வு உலகெங்கும் மாணவர்கள் கணக்குப் போடும் பதிவாகிவிட்டது. நம் விதித்தொகுப்பில் உள்ள வளைகோடும் இந்த வழியில் வந்ததே.

அந்த வளைகோடு தருமபுரிக்கு என்ன சொல்கிறது? நம் மண்ணுக்கடியில் சார்னோகைட்டும் நைஸும். பல இடங்களில் சில அடி தோண்டினாலே பாறை தட்டும். பாறைக்கான கோட்டில், அலைவு நேரம் 0.4 வினாடிக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு நிலத்தின் முடுக்கம் 2.5 மடங்காகப் பெருகுகிறது. 1 வினாடி அலைவு நேரமுள்ள உயரமான கட்டடத்துக்கு அது வெறும் 1 மடங்குதான். நம் ஊரில் நாம் கட்டுவதெல்லாம் ஒரு மாடி, இரண்டு மாடி, மிஞ்சினால் நான்கு. அவற்றில் பெரும்பாலானவற்றின் அலைவு நேரம் 0.4 வினாடிக்குள் அடங்கிவிடும். அதாவது நம் வீடுகள் அந்தக் கோட்டின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. "பாறைமேல் கட்டிய சின்ன வீடு, இதற்கென்ன கணக்கு" என்று சொல்வது சரியில்லை.

மண் இளகியதாக இருந்தால் கதை வேறு. 1985 செப்டம்பர் 19 அன்று முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தொடங்கிய நிலநடுக்கம் மெக்சிகோ நகரத்தைச் சிதைத்தது. பழைய ஏரிப் படுகையின் சேற்று மண் சுமார் 2 வினாடி தாளத்தில் ஆடி, அதற்கு ஒத்த உயரமுள்ள நடுத்தர அடுக்குமாடிகளைக் குறிபார்த்து அடித்தது. ஏரி உள்வாயில் மண் கொட்டி நிரப்பிய மனையில் மாடிமேல் மாடி எழுப்ப நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கு

வாருங்கள், ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர், மூன்று தளம், 10 மீட்டர் உயரம், செங்கல் சுவர் நிரப்பிய கான்கிரீட் சட்டகம். மொத்த எடை 300 டன் என்று வையுங்கள். விதித்தொகுப்பின் சூத்திரப்படி அலைவு நேரம் சுமார் 0.28 வினாடி. பெருக்கம் 2.5. மூன்றாம் மண்டலத்தின் காரணி, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தின் பங்காகச் சொல்லும் நில முடுக்கம், 0.16; வடிவமைப்புக்கு அதில் பாதி, 0.08. இரண்டையும் பெருக்கினால் 0.20. வீடு எந்தச் சேதமும் இல்லாமல் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 60 டன், பக்கவாட்டில் தாங்க வேண்டும்.

ஆனால் விதித்தொகுப்பு நம்மை 60 டன்னுக்குக் கட்டச் சொல்வதில்லை. வளைந்து கொடுக்கும்படி கம்பி கட்டிய சட்டகத்துக்கு அதை 5-ஆல் வகுக்க அனுமதிக்கிறது. மிச்சம் 12 டன். மீதி 48 டன்னுக்கு என்ன பதில்? கம்பி இழுபட்டு நீண்டு, மறுபடி அழுந்தி, அந்த ஆற்றலைத் தின்று தீர்க்க வேண்டும். சுவரில் விரிசல் வரலாம், பீம் முனையில் காரை உதிரலாம், ஆனால் தளம் விழக்கூடாது, ஆள் வெளியே வந்துவிட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். மண்டலத்தின் முழுக் காரணி 0.16 அளவுக்கே நிலம் அசைந்தால் கேட்பது 120 டன். அப்போது அந்த ஒப்பந்தம் இன்னும் இறுகும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று மென்பொருளில் கட்டடத்தை வரைந்து பொத்தானை அழுத்தினால் விசை எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணை நம்புமுன் நான் இப்போது போட்ட ஐந்து வரிக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகினால் பிழை எங்கோ இருக்கிறது. 5-ஆல் வகுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அந்த 5 தானாக வருவதில்லை. மூன்றாம் மண்டலத்தில் கான்கிரீட் சட்டகத்துக்கு அது விருப்பத் தேர்வும் இல்லை. கம்பி கட்டுகிறவரின் கையில்தான் அது உருவாகிறது.

ரிங் வளைக்கும் இடம்

கம்பி வளைக்கும் பலகை அருகே நின்று பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பியைச் சதுரமாக வளைத்து, கடைசி முனையை 90 பாகையில் மடக்கி நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். வேகமாக முடியும், மாட்டுவதும் சுலபம். நிலம் ஆடும்போது என்ன ஆகும்? முதலில் பில்லரின் வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிரும். அந்தப் பூச்சில் பிடித்துக்கொண்டிருந்த 90 பாகைக் கொக்கி விரியும். ரிங் திறந்ததும் நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கும். உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கும். பில்லர் உட்காரும், அதன்மேல் தளம் உட்காரும்.

கம்பி கட்டும் முறைக்கான ஐ.எஸ். 13920 என்ற விதித்தொகுப்பு சொல்வது இதுதான்: கொக்கியை 135 பாகைக்கு வளைத்து, முனையைப் பில்லரின் நடுக் கான்கிரீட்டுக்குள் செலுத்து. பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு ரிங் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பில்லரும் பீமும் சந்திக்கும் இடத்துக்குள்ளும் ரிங் போட வேண்டும். மாட்டுவது சிரமம் என்று பலர் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான். நெடுக்குக் கம்பியைத் தளத்துக்கு மேலேயே ஒட்டுப்போடாமல், பில்லரின் நடுப்பகுதியில் ஒட்டுப்போட வேண்டும். பில்லரின் சிறிய பக்கமே 300 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. நம் ஊரில் சகஜமாகப் போடும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலப் பில்லர் இதில் தேறாது. பீமைவிடப் பில்லர் வலுவாக இருக்க வேண்டும். பீம் போனால் ஓர் அறை போகும், பில்லர் போனால் வீடே போகும்.

இதில் எதுவும் வெளிநாட்டு இயந்திரம் கேட்கும் வேலை இல்லை. இன்னும் 45 பாகை வளைக்கும் கை போதும்.

கீழே ஷட்டர், மேலே வீடு

அகமதாபாத்துக்கு வருகிறேன். 2001 ஜனவரி 26 காலை, குடியரசு நாள் கொண்டாட்டத்தின்போது, கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. அகமதாபாத் அந்த மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அங்கே பதிவான நில முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்றாம் மண்டலத்துக் காரணியை அது எட்டவே இல்லை. இருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தன. நகரின் ஆற்றுப்படிவ மண் அதிர்வைப் பெருக்கியது உண்மை. ஆனால் விழுந்தவற்றில் பெரும்பாலானவை தரைத்தளத்தில் வாகனம் நிறுத்தச் சுவரே இல்லாமல் விட்டவை.

மேல்தளங்களில் செங்கல் சுவர் நிறைந்திருப்பதால் அவை ஒரே கட்டியாக விறைத்து நிற்கின்றன. வளைய வேண்டியது முழுவதும் தரைத்தளப் பில்லர்களின் தலையில் விழுகிறது. 2002 விதித்தொகுப்பு அத்தகைய தளத்தின் பில்லர்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப் போல 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது இந்தப் பாடத்தால்தான்.

இப்போது நம் கடைவீதிகளை நினைத்துப் பாருங்கள். கீழே வரிசையாக ஷட்டர் கடைகள், மேலே இரண்டு மாடி வீடு. பின்பக்கமும் பக்கவாட்டிலும் சுவர், தெருப்பக்கம் முழுக்கத் திறப்பு. விறைப்பு ஒருபக்கம் கூடியிருப்பதால் கட்டடம் ஆடுவதோடு முறுக்கவும் செய்யும். தெருமுகப் பில்லர்தான் அதிகம் அடிபடும். கடை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, பிழைப்பு அது. ஆனால் தெருப்பக்கத்தில் இரண்டு மூலைகளிலாவது அஸ்திவாரத்திலிருந்து உச்சிவரை ஒரு கான்கிரீட் சுவரை வடிவமைத்து எழுப்பலாம். அதைப் பொறியாளரிடம் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை.

கான்கிரீட் இல்லாத வீடுகள்

கல்லும் செங்கல்லும் மட்டும் வைத்துக் கட்டும் வீட்டுக்கும் வழி இருக்கிறது. சுவர்கள் மூலையில் பிரிந்து தனித்தனியாக விழுவதே அத்தகைய வீட்டின் முதல் ஆபத்து. ஜன்னலுக்கு மேல் துண்டு துண்டாக லிண்டல் போடுவதை விட்டு, உள்சுவர் வெளிச்சுவர் எல்லாவற்றையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட்டுங்கள். மூலையில் கம்பி அறுபடாமல் திரும்பட்டும். கல் சுவரில் இரு முகத்தையும் இணைக்கும் நீளக் கல்லை இடையிடையே வையுங்கள். கதவு, ஜன்னலை மூலையை ஒட்டி வைக்காதீர்கள்.

இது பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சான்று. 1931-இல் பலுசிஸ்தானத்தின் மச் பகுதியில் நிலநடுக்கம் வந்தபின், குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகளை எஸ்.எல்.குமார் என்ற இந்தியப் பொறியாளர் பழைய தண்டவாளங்களைச் சட்டகமாகக் கட்டி வடிவமைத்தார். 1935 மே 31 அன்று குவெட்டா நகரம் அழிந்து, சுமார் 30,000 பேர் இறந்தார்கள். அந்தக் குடியிருப்புகள் நின்றன. பின்னாளில் ரூர்க்கியில் பேராசிரியர் ஜெய்கிருஷ்ணா இந்தத் துறையை ஒரு கல்வியாகவே வளர்த்தெடுத்தார், 1962-இல் ஐ.எஸ். 1893-இன் முதல் பதிப்பு வந்தது. இன்று சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் அதிர்வு மேசையின்மேல் கட்டட மாதிரிகளை வைத்து ஆட்டிச் சோதிக்கிறார்கள். அறிவு நம்மிடமே இருக்கிறது. அது வேலை நடக்கும் இடம்வரை வந்து சேரவில்லை என்பதே குறை.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். மேஸ்திரிகளே, அடுத்த பில்லரில் முதல் ரிங் மாட்டும்போது கொக்கியை 135 பாகைக்கு வளையுங்கள். உங்களிடம் வேலை கற்கும் பிள்ளைக்கும் அதையே பழக்குங்கள். வீடு கட்டுகிறவர்களே, டைல்ஸ் எந்த நிறம் என்று கேட்பதற்கு முன் ரிங் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள்; கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாள் நேரில் போய் அளந்து பாருங்கள், ஊற்றிய பிறகு கடவுளாலும் பார்க்க முடியாது. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களே, உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியையும் பள்ளிக்கூடத்தையும் உங்கள் செய்முறைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து, கணக்குப் போட்டு, குறை இருந்தால் ஊராட்சியிடம் எழுத்தில் கொடுங்கள்.